சிற்றாற்றின் இளம் காவலனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஒரு சிற்றாற்றின் சால்மன் மீன்களைப் பரிபாலிக்கும் பொறுப்பை நீ ஏற்றிருப்பதாக அறிந்து மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். இத்தொழிலில் நெடுங்காலம் நின்றவன் என்ற உரிமையால் உனக்குச் சில வார்த்தைகள் சொல்லத் துணிகிறேன். பேராற்றில் பத்து மீன் குறைந்தால் யாருக்கும் தெரியாது. சிற்றாற்றிலோ, அந்தப் பத்தோடு ஒரு வம்சமே அற்றுப்போகக்கூடும். ஆகவே உனக்கு வேண்டிய முதல் வித்தை, பொறுமையாக எண்ணுவது.

ஸ்காட்லாந்தின் டீ ஆற்றில் கலக்கும் கிர்னக் என்னும் ஓடையில், 1966 முதல் தடுப்புக் கூண்டுகள் அமைத்து, மேலேறும் தாய்மீன்களையும் கடலுக்கு இறங்கும் இளமீன்களையும் எண்ணி வருகிறார்கள். தாய்மீன்கள் மலிந்த ஆண்டுகளில் ஓடை தாங்கும் அளவுக்குமேல் இளமீன்கள் பெருகவில்லை என்பதும், தாய்மீன்கள் அருகிய ஆண்டுகளில் இளமீன்களும் அருகின என்பதும் அந்தக் கணக்கு நமக்குக் கற்பித்த பாடம். ஒவ்வோர் ஆற்றுக்கும் இத்தனை முட்டைகள் அவசியம் என்று வரம்பு கட்டும் சாஸ்திரம் இத்தகைய பாடங்களிலிருந்தே பிறந்தது. ஸ்காட்லாந்தில் 2016 முதல் ஆறுகளை மூன்று தரமாகப் பிரித்து, மூன்றாம் தரத்து ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒவ்வொரு சால்மனையும் உயிரோடு திரும்ப விடவேண்டும் என்று விதித்ததும் அதன் பயனே.

நான்கு கிலோ எடையுள்ள தாய்மீன் சுமார் ஐயாயிரம் முட்டை இடும் என்று கொள்வோம். அவற்றுள் நூற்றுக்கு ஒன்று தப்பிக் கடலுக்கு இறங்கினால் ஐம்பது. அந்த ஐம்பதில் நூற்றுக்கு நான்கு வீதம் திரும்பினால் இரண்டே இரண்டு. ஒரு தாய்க்கும் ஒரு தந்தைக்கும் ஈடாக இரண்டு மீன்கள்! சந்ததி என்னும் தராசு இத்தனை நுட்பமாக நிற்கும்போது, அதன் ஒரு தட்டில் உன் கையும் இருக்கிறது என்பதை மறவாதே.

மீன் குறைந்ததென்றதும் பொரிப்பகம் கட்டச் சொல்லி உன்னைப் பலரும் நெருக்குவார்கள். இளமையில் நானும் நல்லெண்ணத்தோடு தாய்மீன்களை ஆற்றிலிருந்து எடுத்துத் தொட்டியில் முட்டை பொரிக்க வைத்தவன்தான். பல தலைமுறைகளாக ஓர் ஆறு தன் குளிருக்கும் வேகத்துக்கும் இணங்கத் தேர்ந்தெடுத்த இனத்துக்குத் தொட்டி என்ன செய்யும் என்பதை அப்போது நான் சிந்திக்கவில்லை. அயர்லாந்தின் பரிஷூலில் நடந்த பரிசோதனையில், பண்ணைச் சால்மன் தன் வாழ்நாளில் பிழைத்து மீள்வதில் அடைந்த வெற்றி காட்டுச் சால்மன் அடைந்ததில் நூற்றுக்கு இரண்டு பங்கே என்று கண்டார்கள். பண்ணை வேறு, பொரிப்பகம் வேறுதான். ஆயினும் மனிதன் வளர்த்த மீனை ஆறு எளிதில் ஏற்பதில்லை என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்தும்.

கடலில் நேரும் இழப்பை உன்னால் தடுக்க இயலாது. உன் வல்லமைக்கு உட்பட்டது ஆறு. அங்கே முழங்கால் ஆழத்தில் இறங்கி ஒரு பிடி சரளையை அள்ளிப் பார்: கல்லோடு கல் உருண்டு, இடையில் தெளிநீர் ஓடினால் முட்டை மூச்சு விடும், விரலில் களிமண் பசைபோல் ஒட்டினால், மேலே எங்கோ கரை சரிகிறது, அல்லது மாட்டுக் குளம்பு மண்ணைக் கலக்குகிறது என்று அறி. அந்த இடத்தைத் தேடி வேலியிடு. கரையில் மரம் நடு, கோடையில் நீர் இருபது பாகையைத் தாண்டி வெம்மையுறும்போது அதன் நிழலே மீனுக்குப் புகலிடம். பயனற்றுப்போன பழைய அணை வழியை மறித்தால் அதை அகற்ற முயல்.

நவம்பரில் ஒரு நாள், தாய்மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்துச் சரளையைக் கிளறிப் பள்ளம் பறிக்கக் காண்பாய். அசையாமல் நின்று பார். உன் குறிப்பேட்டில் ஒன்று என்று எழுது. பின்பு அரவமின்றிக் கரையை விட்டு விலகிப் போ. அன்றைய உன் கடமை அவ்வளவே.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் முதியவன்