நிறத்தின் மேல் நிறம்

தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறிக் கடற்கரை நோக்கிச் செல்வோர், சானடோரியத்தை அடுத்துக் குரோம்பேட்டையைக் கடப்பர். அங்கு இருந்த குரோம் தோல் தொழிற்சாலையே அவ்வூருக்குப் பெயர் தந்தது. குரோமியத்தின் பெயரோ 'நிறம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. குரு, கெழு ஆகிய உரிச்சொற்கள் நிறத்தைக் குறிக்கும் என்பார் தொல்காப்பியர். நாள்தோறும் நாம் சீட்டு வாங்கும் நிலையத்தின் பெயருக்குள்ளும் அப்பொருளே உறைகின்றது.

தோலுக்குச் சாயமேற்றுவோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வெளிறிய தோலில் எச்சாயமும் தன் நிறத்தைக் காட்டும். முன்பே பழுப்பேறிய தோலில் நீலம் ஏற்றினால் மங்கிய கருமையே எஞ்சும். கணினித் திரையிலும் இதுவே நிகழ்கின்றது.

2004ஆம் ஆண்டு வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டின் திரையமைப்பை ஆடுவோரே மாற்றிக்கொள்ளலாம். அதற்கான துணைநிரல்கள் 'லுவா' மொழியில் எழுதப்படுகின்றன. 1993இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் உருவான மொழி அது. போர்த்துக்கேய மொழியில் 'லுவா' என்றால் நிலவு.

திரையிலுள்ள பொத்தானின் படத்துக்குச் சாயலேற்ற அவ்விளையாட்டில் 'செட்வெர்டெக்ஸ்கலர்' என்னும் கட்டளை உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களை அதற்குத் தருதல் வேண்டும். அவை 0 முதல் 1 வரை அமையும். 255 வரை எண்ணிப் பழகிய மாணவர் பலர் இங்கே இடறுவர். 255ஆல் வகுத்தபின் தந்தால் தீர்ந்தது.

இக்கட்டளை படத்தின் மீது வண்ணம் பூசுவதன்று, பெருக்குவது. இதனை உணராதவரே, "சிவப்புக் கேட்டேன், கறுப்பு வந்தது" என்று முறையிடுவர். பச்சை இலை ஒன்றின் புள்ளி 0.2, 0.8, 0.2 எனக் கொள்வோம். அதன்மேல் 1, 0, 0 என்னும் தூய சிவப்பை ஏற்றினால் விடை 0.2, 0, 0. ஏறத்தாழக் கருமை! வெண்மையின் மூன்று எண்களும் 1 ஆதலால், வெள்ளைப் படம் எந்நிறத்தையும் அப்படியே ஏற்கும். கருமை எதனையும் ஏற்காது. சாயலேற்றக் கருதிய படத்தை வெள்ளையிலோ வெளிர்சாம்பலிலோ வரைந்துகொள்வது இதனாலேயே.

படம் முன்பே நிறமுடையதாயின் என் செய்வது? 'செட்டீசாச்சுரேட்டட்' என்னும் கட்டளையால் முதலில் நிறம் நீக்கலாம். கண் உணரும் ஒளியளவின்படி கணித்தால் மேற்கூறிய இலைப்புள்ளி ஏறத்தாழ 0.55 அளவுள்ள சாம்பலாகும். அதன்மேல் சிவப்பேற்றினால் 0.55, 0, 0. இப்போது அது சிவப்பென்றே தெரியும்.

இச்சாயல் அழகுக்கு மட்டும் உரியதன்று. மந்திர ஆற்றல் போதாதபோது பொத்தானுக்கு 0.5, 0.5, 1 என நீலச்சாயலும், வேறு காரணத்தால் பயன்படாதபோது மூன்றும் 0.4 ஆன இருளும் அவ்விளையாட்டிலேயே அமைந்திருந்தன. இலக்கு எட்டாத் தொலைவில் இருப்பின் பொத்தான் முழுவதையும் சிவப்பாக்கும் துணைநிரல்களும் எழுந்தன.

இங்கேதான் எழுதுவோன் சற்று நிற்றல் வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்கள் உண்டு. பெண்களைவிட ஆண்களிடையே இக்குறை மிகுதி. வேதியியலறிஞர் ஜான் டால்டன் தம் கண்ணின் இக்குறையை 1794இல் தாமே விளக்கினார். இரயில் ஓட்டுநர் பணிக்கு வருவோரை நிறப்பார்வைச் சோதனைக்கு உட்படுத்துவதும் இதனாலேயே. இத்தகையோருள் சிலருக்குச் சிவப்பு ஒளிகுன்றித் தெரியுமாதலால், சிவந்த பொத்தானும் இருண்ட பொத்தானும் ஒன்றாகவே தோன்றும். 'தொலைவு' என்பதும் 'பயன்படாது' என்பதும் அவருக்கு ஒரே செய்தியாகிவிடும். குழுவாக ஆடும் ஆட்டத்தில் அவர் தவறிழைப்பார். பழி அவர்மீதே விழும். நிரல் எழுதியவனை எவரும் வினவார்.

அதற்குச் செலவு பெரிதில்லை. சிவப்புக்கு மாற்றாக 1, 0.6, 0 என்னும் செம்மஞ்சளைத் தரலாம்; ஒளியளவு வேறுபடுவதால் இருளோடு மயங்குவது குறையும். பொத்தானின் மூலையில் சிறு குறி ஒன்றும் இட்டால், நிறம் தெரியாதவருக்கும் செய்தி சேரும். நிரலில் கூடுவது இரண்டு மூன்று வரிகளே.