எந்த மேடை உங்கள் மேடை?

"நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மணிவிழா மண்டபத்தில் யாரோ மைக்கை நீட்டுகிறார். அதுவரை பந்தியில் நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி பின்வரிசைக்கு நகர்ந்துவிடுகிறார். இப்படிப்பட்டவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: மேடையில் பேசக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

போக இடங்கள் நிறைய உண்டு. எது உங்களுக்கு ஏற்றது என்பதுதான் குழப்பம். இதற்கு வள்ளுவர் ஒரு வழி வைத்திருக்கிறார். பொருட்பாலில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. சொல்லும் திறன் வேறு, கேட்பவரை அறிவது வேறு, அஞ்சாமல் நிற்பது வேறு. மூன்றையும் சேர்த்துப் "பேச்சுத் திறமை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் பலர் தவறான இடத்தில் போய்ச் சேர்கிறார்கள். இந்த மூன்றில் உங்களிடம் எது குறைகிறது என்று முதலில் பாருங்கள்.

பிறகு, எந்த இடமானாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே மாதத்தில் எத்தனை நிமிடம் நான் நின்று பேசுவேன்? பேசி முடித்ததும் என் குறையை எடுத்துச் சொல்ல ஆள் உண்டா? அங்கே பழகும் பேச்சு, நான் உண்மையில் பேச வேண்டிய இடத்துக்குப் பொருந்துமா?

ஒப்பிட வசதியாக ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: தூர்ந்துபோன உங்கள் ஊர் ஏரி.

பேச்சுப் போட்டி

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இதுவே முதல் வாசல். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் போட்டிகள் நடத்துகிறது. இலக்கிய மன்றங்களும் அறக்கட்டளைகளும் நடத்துபவை தனி. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைக்குச் சொல்வளம் சேர்கிறது. லகர, ளகர, ழகரம் திருந்துகிறது. மணி அடிப்பதற்குள் முடிக்கும் ஒழுங்கும் வந்துவிடுகிறது.

இங்கே ஒரு பள்ளம் உண்டு, அது மனப்பாடம். ஒரு கல்லூரிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு நீர்நிலைகள். ஒரு மாணவி அருவி போலப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது நிமிடத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. அந்த ஒலியில் அடுத்த வரி நழுவிவிட்டது. பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்பினார், மறுபடி அதே இடத்தில் நின்றார். விரல்கள் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தன. கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று இறங்கிவிட்டார். போட்டி முடிந்ததும் அவரிடம் போய், "உங்க ஊர் ஏரி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். மதகு உடைந்தது, கரையில் வீடு கட்டியது, அப்பா கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கியது என்று பத்து நிமிடம் தடையில்லாமல் பேசினார். அதில் ஒரு வரியைக்கூட அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

ஆகவே போட்டிக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் நெட்டுருப் போடுங்கள். நடுவில் உள்ளதை மதகு, கரை, கிணறு, கடன் என்று நான்கு சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் மறந்தாலும் அடுத்த சொல் கைகொடுக்கும். இன்னொன்று: அவைத் தலைவர் தொடங்கி ஒலிபெருக்கி அமைத்தவர் வரை விளித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிடப் பேச்சில் ஒரு நிமிடம் கரைந்துவிடுகிறது. "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்பது போதும்.

பட்டிமன்றம்

மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. நாம் இன்று அறிந்த வடிவத்தை, 1939-இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் போன்ற இலக்கிய மேடைகள் வளர்த்தன. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்த அரங்குகளுக்கு இலக்கியம் கேட்கவே கூட்டம் வந்தது. பிறகு சாலமன் பாப்பையா, திண்டுக்கல் லியோனி போன்றோர் வழியாகத் தொலைக்காட்சியில் அது பண்டிகை நாள் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அவையறிதலுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எழுதி வந்ததை ஒப்பிக்க முடியாது. எதிரணிக்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு, அதிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். ஏரியைக் கெடுத்தது அரசா, மக்களா என்று தலைப்பு இருந்தால், எதிரில் இருப்பவர் சொல்லும் ஒவ்வொரு சான்றும் உங்கள் வாதத்தைத் திருத்தும். கூட்டம் சிரித்ததா, கைபேசியைப் பார்த்ததா என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் புதியவருக்கு வாய்ப்பு அரிது. திருவிழாக் குழுவினர் பெயர் தெரிந்த பேச்சாளரைத்தான் அழைப்பார்கள். குடியிருப்பின் பொங்கல் விழா, பழைய மாணவர் சந்திப்பு போன்ற இடங்களில் நீங்களே ஒன்றை ஏற்பாடு செய்தால்தான் உண்டு. மேலும் சிரிப்புக்காகப் பேசும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. பட்டிமன்றக் குரலோடு அலுவலகத்தில் திட்ட விளக்கம் கொடுத்தால், கேட்பவர்கள் ரசிப்பார்கள், ஆனால் முடிவெடுக்க மாட்டார்கள்.

டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்

1924-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சாந்தா அனா என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது இது. இன்று சென்னை, கோவை, கொழும்பு, சிங்கப்பூர் என்று நம்மவர்கள் வாழும் நகரங்களில் எல்லாம் கிளப்கள் உண்டு. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன, தமிழில் நடப்பவையும் இருக்கின்றன.

இங்கே ஆசிரியர் என்று யாரும் கிடையாது. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர். முதல் பேச்சு உங்களை நீங்களே அறிமுகப்படுத்துவது, 4 முதல் 6 நிமிடம். பின்னர் வருபவை பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம். நேரம் பார்ப்பவர் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டுவார். நீங்கள் எத்தனை முறை "ஆ", "ம்" என்று இழுத்தீர்கள் என்று எண்ணவே ஒருவர் உட்கார்ந்திருப்பார். முன்னறிவிப்பில்லாமல் ஒரு கேள்வி கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் 'டேபிள் டாபிக்ஸ்' பகுதி, மணிவிழா மைக்குக்கு அப்படியே ஒத்திகை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று இரண்டு மூன்று நிமிடம் சொல்வார்.

அவையஞ்சாமைக்கு என் முதல் பரிந்துரை இதுதான். குறையும் உண்டு. அங்கே எல்லோரும் கைதட்டும் மனநிலையிலேயே அமர்ந்திருப்பார்கள். ஏரியைப் பற்றிப் பேசினால் உங்கள் கைகளின் அசைவைப் பாராட்டுவார்கள், ஏரி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்காமல் போகலாம். ஓராண்டு கழித்தாவது வெளி மேடை ஏறிவிட வேண்டும்.

கட்டணப் பயிற்சி வகுப்பு

"இரண்டே நாளில் மேடை பயம் போகும்" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் ஒரு கணக்குப் போடுங்கள். நாளுக்கு 6 மணி நேரம் என்றால் இரண்டு நாளில் 720 நிமிடம். பாதி நேரம் பயிற்சியாளர் பேசுவார். மீதி 360 நிமிடத்தை 30 பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 12 நிமிடம். கிளப்பில் ஒரு தயாரித்த பேச்சு, ஒரு திடீர்ப் பேச்சு, ஒரு மதிப்பீடு என்று ஒரு மாதத்தில் செய்தாலும் அதே 12 நிமிடம் வரை வந்துவிடும். அடுத்த மாதமும் அது வரும் என்பதுதான் வேறுபாடு.

அதனால் வகுப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு, அடுத்த வாரம் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு என்று நாள் குறித்தவர்களுக்கு, ஐந்தாறு பேர் மட்டும் உள்ள வகுப்பு உதவும். பணம் கட்டுமுன் கேளுங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நான் எத்தனை முறை எழுந்து பேசுவேன்? என் பேச்சைப் பதிவு செய்து காட்டுவீர்களா? மழுப்பலாகப் பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசகர் வட்டம், சிறு கூட்டம்

பொது நூலகங்களின் வாசகர் வட்டம், தெருவில் உள்ள நற்பணி மன்றம், தொழிற்சங்கக் கிளைக் கூட்டம், குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றை யாரும் பயிற்சிக்கூடமாக நினைப்பதில்லை. பதினைந்து பேர், பிளாஸ்டிக் நாற்காலி, பெரும்பாலும் மைக்கே இருக்காது. இங்கே ஒரு நூலைப் பத்து நிமிடம் அறிமுகம் செய்து பாருங்கள். எதைப் பேசுகிறோம் என்பதில் கவனம் போவதால், எப்படி நிற்கிறோம் என்ற கவலை தானாகக் குறையும். முன்வரிசை முகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஒருவர் கண்ணைப் பார்த்து ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு அடுத்தவரிடம் போகும் பழக்கம் இங்கேதான் படியும்.

குறை என்னவென்றால், நம்மவர்கள் முகத்துக்கு நேரே குற்றம் சொல்ல மாட்டார்கள். "அருமையாப் பேசினீங்க" என்பதோடு டீ வந்துவிடும். அதனால் முன்கூட்டியே ஒரு நண்பரிடம், "நான் பேசும்போது ரெண்டு தப்பைக் குறிச்சு வை" என்று கேட்டுவிடுங்கள்.

கைபேசி

தனியாக, தினமும் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்தால் மாதம் 150 நிமிடம் ஆகிறது. வேறெந்த வழியிலும் இவ்வளவு நேரம் கிடைக்காது. வேகம், விழுங்கும் சொற்கள், "வந்து வந்து" என்ற ஊன்றுகோல் எல்லாம் ஒரே வாரத்தில் காதில் விழும். ஆனால் அவையின் அச்சத்தை அவைதான் போக்கும். கைபேசி எந்த வழிக்கும் துணையாக இருக்கலாம், தனி வழியாக முடியாது.

யாருக்கு எது?

- சொல் கிடைக்காமல் திண்டாடும் மாணவருக்குப் பேச்சுப் போட்டி. துணைக்குத் தினம் ஒரு பக்கம் உரக்க வாசித்தல்.
- நன்றாகப் பேசியும் கூட்டம் ஒட்டவில்லை என்பவருக்குப் பட்டிமன்றம்.
- எழுந்தாலே நா வறண்டு, கால் நடுங்குகிறவருக்குக் கிளப். விருந்தினராக இரண்டு கூட்டம் பார்த்துவிட்டுச் சேருங்கள்.
- தேதி நெருங்கியவருக்குச் சிறு குழு வகுப்பு.
- நேரமும் பணமும் குறைந்தவருக்கு வாசகர் வட்டமும் கைபேசியும்.

இரண்டு இடங்கள் சமமாகத் தோன்றினால், எங்கே அதே முகங்கள் உங்களை அடுத்த வாரமும் கேட்குமோ அந்த இடத்தை எடுங்கள். இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தது 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றி, மிஷனரிகளின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அதைத் தம் மக்களுக்காகக் கோயிலுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு நாளோடு விட்டுவிடவில்லை. வெள்ளிதோறும் அதே இடத்தில் பிரசங்கம் தொடர்ந்தது. தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றில் அந்த வெள்ளிக்கிழமைகளுக்குப் பெரிய இடம் உண்டு.

நெஞ்சு படபடப்பு முழுவதும் போய்விடும் என்று காத்திருக்காதீர்கள். பழகிய பேச்சாளருக்கும் முதல் நிமிடத்தில் அது இருக்கும். ஆழமாக ஒரு மூச்சு விட்டு, நெட்டுருப் போட்ட முதல் இரண்டு வாக்கியத்தை நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குள் அது அடங்கத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். எந்த வழியில் பழகினாலும் சரி, அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று உங்கள் ஏரியைப் பற்றி மூன்று நிமிடம் பேசுங்கள். உங்கள் ஊருக்கு அந்தப் பேச்சு தேவைப்படுகிறது.