விடியற்கால இருமல்

தாத்தா விடியற்காலையில் எழுவார். எழுந்ததும் இருமல் வரும். உடனே ஒரு பீடியைப் பற்ற வைப்பார்.

"பீடி குடித்தால்தான் சளி வெளியே வரும்" என்பார். முப்பது வருடப் பழக்கம்.

அவர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது.

ஒரு நாள் கிராம நர்ஸ் வந்தார்.

"அக்கா, தாத்தா ராத்திரியெல்லாம் இருமுகிறார்" என்றாள் பேத்தி.

"எத்தனை நாளாக ஐயா?"

"மூன்று வருஷமாக இருக்கிறது அம்மா. மழைக்காலம் வந்தால் நாலு மாதம் விடாது. சளியும் வரும்."

நர்ஸ் விளக்கினார்.

"மூச்சுக் குழாயின் உட்புறம் மெல்லிய தோல் இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத சிறு மயிர்கள் உண்டு. அவற்றின் மேல் கொஞ்சம் சளி பூசியது போல இருக்கும். தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் அசைந்து அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளும். இரவும் பகலும் துடைப்பம் போலப் பெருக்கும்.

"பீடிப் புகை பட்டால் மயிர்கள் சோர்ந்து போகும். பல வருடம் பட்டால் அழிந்து போகும். தோல் வீங்கும். குழாய் குறுகும். சளி அதிகமாகச் சுரக்கும். ஆனால் தள்ளிவிடத் துடைப்பம் இல்லை. சளி தேங்கும். அதில் கிருமி வளரும். இருமித்தான் வெளியேற்ற வேண்டும்."

"அப்படியென்றால் பீடி சளியை எடுக்கவில்லையா?"

"இல்லை ஐயா. சளியைச் சேர்ப்பதே பீடிதான்."

தாத்தா பேசாமல் இருந்தார்.

"இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். நாளைக்கே வாருங்கள்" என்றார் நர்ஸ்.

பரிசோதனையில் காசநோய் இல்லை. நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி என்றார் டாக்டர்.

"பீடியை விட்டால் பழைய மூச்சு வருமா?" என்று தாத்தா கேட்டார்.

"முழுவதும் வராது. ஆனால் நோய் வேகமாக முற்றாது. விட்ட புதிதில் இருமல் கொஞ்சம் கூடலாம். பயப்படாதீர்கள். மயிர்கள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன என்று அர்த்தம்."

வீட்டுக்கு வந்ததும் தாத்தா பீடிக் கட்டைப் பேத்தியிடம் கொடுத்தார்.

"குப்பையில் போடம்மா" என்றார்.

பேசுவோம்

1. மூச்சுக் குழாயின் துடைப்பம் எது?
2. பீடி குடித்தால் சளி ஏன் சேர்கிறது?
3. இருமல் எத்தனை நாள் நீடித்தால் பரிசோதனை செய்ய வேண்டும்?
4. உங்கள் வீட்டில் யாருக்கு விடியற்கால இருமல் இருக்கிறது?

தெரிந்துகொள்வோம்: புகையிலையை விட உதவி வேண்டுமா? 1800 112 356 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை.