சாக்குகளை அளக்கும் கேள்வித்தாள்

கேள்வி: புகைப்பவர்கள் சொல்லும் சாக்குகளை அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளை எங்கள் ஊரில் பயன்படுத்த, தமிழாக்கினால் போதுமா?
– செவிலியர் மாணவி, உளுந்தூர்பேட்டை

பதில்: போதாது. சிகரெட்டைப் பற்றி மட்டும் கேட்டால் பீடி பிடிப்பவர் கணக்கில் வரமாட்டார். தமிழாக்கத்தை மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் சிலரிடம் வாசித்து, என்ன புரிந்தது என்று கேளுங்கள். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி பிடிச்சாரு" போன்ற உள்ளூர்ச் சாக்குகளையும் சேருங்கள். இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

தீங்கு தெரிந்தும் புகைப்பவர் மனம் நியாயம் தேடும் என்பதை உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-லேயே விளக்கினார். அந்த நியாயத்தைப் பொறுமையாகக் கேட்டால்தான் அவரை மீட்க வழி தெரியும். புகைப்பழக்கத்தை விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணையும் கொடுங்கள்.