வண்ணக் கண்ணாடி பழகுவோருக்கு

பெங்களூரு ஜீவனஹள்ளிக்காரர்களுக்குச் சிவாஜிநகர் தூரமில்லை. அங்குள்ள புனித மரியன்னை பேராலயத்துக்கு நல்ல வெயில் நேரத்தில் போங்கள். இரண்டாம் உலகப் போரின்போது கழற்றி வைத்து, 1947இல் மீண்டும் பொருத்திய வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் அங்கே இருக்கின்றன. படத்தைவிட, துண்டுகளுக்கு இடையே ஓடும் கறுப்புக் கோடுகளைக் கவனியுங்கள். கோடு எங்கே போகிறதோ அங்கேதான் கண்ணாடியை வெட்ட முடியும்.

வெட்டப் பழக, கண்ணாடிக் கடையில் மிஞ்சும் சாதாரணத் துண்டுகளே போதும். கட்டரின் சக்கரத்தில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு, ஒரே அழுத்தத்தில் ஒருமுறை மட்டும் கோடு இழுங்கள். மெல்லிய 'கிறீச்' ஒலி வந்தால் சரி. அதே கோட்டில் திரும்ப இழுத்தால் உடைசல் கோணலாகும், சக்கரமும் மழுங்கும். உள்வளைவை ஒரேயடியாக உடைக்காமல், பிறைபிறையாகக் கிள்ளி எடுங்கள்.

வெட்டிய துண்டுகளின் ஓரங்களை ஈரத்தோடு தேய்த்து, செம்புப் பட்டையை ஒட்டி, ஃப்ளக்ஸ் தடவி, 60/40 ஈயப்பற்று வையுங்கள். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி அணிவது கட்டாயம், சன்னல் திறந்திருக்கட்டும். சமையலறை மேடையில் மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஈயம் குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கண்ணாடி வாங்கும்போது மேசையில் வைத்துப் பார்க்காமல், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து நிறத்தை முடிவுசெய்யுங்கள்.