மருந்து சுமக்கும் வில்லை

கண்ணுக்குச் சொட்டு மருந்து இட்டுக்கொள்பவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பின், அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மருந்து விழுந்தது கண்ணில்; சற்று நேரத்தில் கசப்பை உணர்ந்தது எங்கே? 'தொண்டையில்' என்று பலர் விடை கூறுவர். கண்ணுக்கு இட்ட மருந்து தொண்டைக்குச் சென்றது எவ்வாறு?

மூக்கை ஒட்டிய கண்ணின் உள்மூலையில், மேலிமையிலும் கீழிமையிலும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை உண்டு. கண்ணீர் அவற்றின் வழியே இறங்கி மூக்கினுள் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதற்குக் காரணம் இதுவே. சொட்டு மருந்தும் அதே வழியில் போகிறது. புட்டியிலிருந்து விழும் ஒரு துளி ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர் அளவுடையது. கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீரோ 7 முதல் 10 மைக்ரோலிட்டரே. சிறு கிண்ணத்தில் செம்பு நீரைக் கவிழ்த்தாற்போல, மிகுதி கன்னத்தில் வழிகிறது. எஞ்சியதை ஒவ்வோர் இமைப்பும் அத்துளைகளை நோக்கித் தள்ளுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். விழியின் உட்பகுதியைச் சென்றடைவது, இட்ட மருந்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

மருந்து வீணாவது சிறு செய்தியாகத் தோன்றலாம். கண்ணழுத்த நோய் உற்றவர்க்கு அது சிறிதன்று. 'கிளாக்கோமா' எனப்படும் அந்நோயில், பெரும்பாலும் விழியினுள் உள்ள நீர்மத்தின் அழுத்தம் மிகுந்து, பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிகிறது. பலருக்கு வலியே இராது. ஓரப் பார்வை முதலில் குறைவதால், நோயாளர் நெடுங்காலம் எதனையும் உணரார். இழந்த பார்வை மீளாது. இருப்பதைக் காக்கவே நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், மருந்து இடவேண்டும். வலிக்காத நோய்க்கு நாள் தவறாது மருந்திடுவது எளிதன்று. மறதி வரும், முதுமையில் கை நடுங்கும், துளி இமைமேல் விழும். மருந்து கையிலிருந்தும் பார்வை போவது இவ்வாறுதான்.

அம்மருந்தைக் கண்ணிலேயே தங்கவைக்க இயலுமா?

1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில், ஓட்டோ விக்டெர்லே என்னும் வேதியியலார் தம் வீட்டில் ஒரு பொறியை அமைத்தார். பிள்ளைகள் விளையாடும் 'மெர்க்கூர்' கட்டுமானத் துண்டுகளும் மிதிவண்டி டைனமோவும் அதன் உறுப்புகள். அவரது திட்டத்தை அரசு கைவிட்டிருந்தமையால், வீடே ஆய்வுக்கூடம் ஆயிற்று. சுழலும் சிறு அச்சுகளில் நீர்மத்தை இட்டு, நீரை உறிஞ்சி மென்மையாகும் நெகிழியால் கண்வில்லைகளை வார்த்தார். இன்று உலகெங்கும் அணியப்படும் மென்மையான காண்டாக்ட் லென்ஸுகளுக்கு வழிதிறந்தது அதுவே.

நீரை உறிஞ்சும் வில்லை மருந்தையும் உறிஞ்சும் அன்றோ? அவ்வெண்ணம் அந்த 1960-களிலேயே எழுந்தது. தமிழில் 'வில்லை' என்னும் சொல் வட்டமான சிறு பொருளைக் குறிக்கும். மாத்திரையும் வில்லை, லென்ஸும் வில்லை. மொழியில் முன்பே ஒன்றாயிருந்த இரண்டையும் அறிவியல் ஒன்றாக்க முயன்றது எனலாம்.

வில்லைக்கும் கருவிழிக்கும் இடையே மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று சிக்கி நிற்கிறது. வில்லையிலிருந்து கசியும் மருந்து, அங்கே சொட்டு மருந்தைவிட நெடுநேரம் தங்கும். எனினும், மருந்தில் ஊறவைத்த வில்லை சில மணி நேரத்திலேயே தன் மருந்தின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. முதலில் வெள்ளம், பின்னர் வறட்சி. ஆய்வாளரைப் பல்லாண்டு அலைக்கழித்த இடையூறு இதுவே.

அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌகான் குழுவினர் வில்லையினுள் வைட்டமின் ஈ-யைப் புகுத்தினர். அது நுண்ணிய திட்டுகளாக உள்ளே படிந்து தடுப்புச் சுவர்போல் நிற்கிறது. மருந்து நேர்வழியே வெளியேற இயலாமல், சுவர்களைச் சுற்றி வளைந்து மெல்லவே வெளிவருகிறது. பாஸ்டன் நகரில் டேனியல் கோஹேன் குழுவினர் வேறு வழி கண்டனர். மருந்து கலந்த மெல்லிய படலத்தை வளைய வடிவில் வில்லையின் உள்ளே பொதிந்து, பார்வைக்குரிய நடுப்பகுதியைத் தெளிவாக விட்டனர். கண்ணழுத்தம் மிகுந்த குரங்குகளிடம் ஆய்ந்தபோது, மருந்து குறைந்த வில்லை சொட்டு மருந்துக்கு நிகராகவும், மருந்து மிகுந்த வில்லை அதனினும் மேலாகவும் அழுத்தத்தைக் குறைத்தது.

2022-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்து வில்லை ஒன்றுக்கு முதன்முறையாக ஒப்புதல் அளித்தது. அது கண்ணழுத்த நோய்க்கு உரியதன்று. ஒவ்வாமையால் வரும் கண் அரிப்பைத் தணிப்பது. ஒரு வில்லையில் கீட்டோடிஃபென் என்னும் மருந்து 19 மைக்ரோகிராம் மட்டுமே. ஒரு நாள் அணிந்து எறிந்துவிட வேண்டும்.

ஏற்கெனவே வில்லை அணிந்து பழகியவர்க்கு இது நன்மையே. ஆனால் கண்ணழுத்த நோயால் மிகுதியும் துன்புறுவோர் முதியோர். சொட்டு மருந்துக்கே நடுங்கும் கை, வழுக்கும் வில்லையை எவ்வாறு கையாளும்? முதுமையில் கண் உலர்வதும் உண்டு; தூய்மை தவறினால் கருவிழியில் கிருமி தொற்றும். இவற்றுக்கு விடை காணாதவரை அவர்களுக்கு அவ்வில்லை எட்டாக்கனியே. (சாதாரண வில்லையைச் சொட்டு மருந்தில் ஊறவைத்து அணிய எவரும் முயலாதீர், அது கண்ணுக்குக் கேடு.)

இன்றைக்கு வீட்டில் இருப்பது அந்தச் சிறு புட்டியே. பாட்டிக்கு மருந்திடும் பொறுப்பு உங்களுடையதாயின், கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு துளி போதும். பின்னர்க் கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரல்நுனியால் ஓரிரு நிமிடம் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு மருந்துகள் இருப்பின் இடையே ஐந்து நிமிடமேனும் விடுங்கள்.

அருஞ்சொற்பொருள்
உற்றவர் – அடைந்தவர்
பொறி – இயந்திரம்
எட்டாக்கனி – அடைய இயலாதது

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கண்ணழுத்தம், கையிலிருந்தும், அவ்வெண்ணம்.
2. அழும்போது மூக்கு ஒழுகுவது ஏன்?
3. 'முதலில் வெள்ளம், பின்னர் வறட்சி' – இத்தொடர் எதனைக் குறிக்கிறது?
4. 'வில்லை' போல இருபொருள் தரும் சொற்கள் மூன்றினை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக.