கடுங்குளிரும் ட்ரைபாட் ஹெட்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பனிச்சிறுத்தையைப் படமெடுக்கக் குளிர்காலத்தில்தான் ஸ்பிட்டியின் கிப்பர் கிராமத்துக்குப் போவார்கள். 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். பிப்ரவரி இரவுகளில் மைனஸ் 20 டிகிரி புதிதல்ல. கேமராவையும் பேட்டரியையும் பொத்திப் பொத்திக் கொண்டுபோகிறவர்கள்கூட ட்ரைபாட் ஹெட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. காரணம், அதைப் பற்றி நம்மிடையே ஊறிப்போன சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: குளிரில் உலோகம் சுருங்குவதால்தான் ஹெட் இறுகுகிறது.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் ஹெட்டின் 40 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குண்டு, வெப்பநிலை 50 டிகிரி இறங்கினால் 0.05 மி.மீ. அளவுக்குக்கூடச் சுருங்காது. அதைப் பிடித்திருக்கும் கூடும் அலுமினியம் என்றால் அதுவும் சேர்ந்தே சுருங்கும். பெரும்பாலும் மக்கர் செய்வது உள்ளே இருக்கும் க்ரீஸ். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் போல, சாதாரண க்ரீஸ் கடுங்குளிரில் கெட்டிப்பட்டுவிடுகிறது. எனவே வாங்கும்போது எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா எனப் பாருங்கள்.

நம்பிக்கை: இறுகினால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

உண்மை: தயவுசெய்து விடாதீர்கள். பால் ஹெட் கேமராவைத் தாங்குவதே உராய்வால்தான். எண்ணெய் உள்ளே இறங்கினால், எவ்வளவு முறுக்கினாலும் குண்டு வழுக்கும். கனமான லென்ஸ் அப்படியே தலைகுப்புறச் சாயும்.

நம்பிக்கை: ஃப்ளூயிட் ஹெட் எங்கும் வழவழவென்று திரும்பும்.

உண்மை: அந்த வழவழப்பைத் தருவது கெட்டியான சிலிக்கோன் திரவம். குளிர் கூடக் கூட அது இன்னும் கெட்டியாகும். திருப்பினால் முதலில் அசையாது, பிறகு வெடுக்கென்று நகரும். மைனஸ் 40 வரை தாங்கும் தொழில்முறை ஹெட்கள் இருக்கின்றன. வீடியோ எடுப்பவர்கள் அந்த விலையையும் எடையையும் ஏற்கத்தான் வேண்டும். புகைப்படம் மட்டும் எடுப்பவருக்கு, 500, 600 மி.மீ. லென்ஸோடு போனால், கிம்பல் ஹெட்தான் என் தேர்வு. லென்ஸ் சமநிலையில் தொங்குவதால் அதைப் பிடித்துவைக்க அதிக இறுக்கம் தேவையில்லை. க்ரீஸ் சற்றுக் கெட்டியானாலும் நீளமான லென்ஸே நெம்புகோலாக உதவும். லடாக்கின் ஹான்லேயில் நட்சத்திரங்களை எடுப்பவருக்கு ஒரு நல்ல பால் ஹெட் போதும். ஒருமுறை ஃப்ரேம் வைத்துவிட்டால் பிறகு அசைக்கும் வேலை அதிகம் இல்லை.

‘20 கிலோ தாங்கும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. அந்த எண்ணுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. குளிரைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை.

நம்பிக்கை: திருகும் நேரத்துக்கு மட்டும் கையுறையைக் கழற்றிக்கொள்ளலாம்.

உண்மை: மைனஸ் 20-இல் வெறும் உலோகத்தைத் தொட்டால் சில நொடிகளில் விரல் மரத்துப்போகும், ஈரக் கை என்றால் தோல் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறையோடு பிடிக்க வேண்டுமானால் திருகு பெரிதாக இருக்க வேண்டும், ஓரத்தில் ரப்பர் வரிகள் வேண்டும், பக்கத்துத் திருகிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும். கேமராவின் பிளேட்டைப் பிடிக்கும் கிளாம்ப்பில் லீவர் வகையைவிடத் திருகு வகை நல்லது. பல லீவர்களின் பிடி இடைவெளி மாறாதது. பிளேட்டின் விளிம்பில் பனி அப்பியிருந்தால் முழுதாக மூடாது. அந்தப் பனியைத் தட்டிவிடப் பையில் ஒரு பழைய டூத்பிரஷ் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் ட்ரைபாடைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம். அறையின் ஈரம் சில்லிட்ட உலோகத்தில் நீராகப் படிந்து இடுக்குகளில் இறங்கும். காலையில் வெளியே போனதும் அது பனிக்கட்டியாகிப் பூட்டிவிடும். கேமராவைக் கழற்றிவிட்டு, ட்ரைபாடை வெளியிலேயே விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் ஒரு சோதனை. ஹெட்டைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். அங்கே ஏறக்குறைய மைனஸ் 18 இருக்கும். காலையில் கவரோடு எடுத்து, கையுறை மாட்டிக்கொண்டு எல்லாத் திருகுகளையும் திருப்பிப் பாருங்கள். பிறகு அறைச்சூட்டுக்கு வரும்வரை கவரைப் பிரிக்காதீர்கள். அந்தக் குளிரிலேயே திணறும் ஹெட்டைக் கிப்பருக்குக் கொண்டுபோக வேண்டாம்.